கையை விட்டாலும் நிற்காத கப்பல்

மே 29, திங்கள்
காற்று மணிக்கு 18 கடல் மைல் இருக்கும். பெட்டி 0.

பெட்டி பூஜ்யம் என்று எழுத ஆரம்பித்து இன்றோடு நாற்பத்தொரு நாள். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஏறிய நாளிலிருந்து இருபத்து மூன்று வருஷமாக இந்த நோட்டுப் பழக்கம். ஷிப்ட் முடிந்து கீழே இறங்கியதும் காற்று எவ்வளவு, கப்பலிலிருந்து எத்தனை கண்டெய்னர் பெட்டி இறக்கினேன், அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு வரிக் குறிப்பு. வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவனுக்குக் காற்று எதற்கு? ஆனாலும் மொட்டை மாடிக் கொடியில் செல்வக்கனியின் சேலை பறக்கிற வேகத்தைப் பார்த்து நானே ஒரு மதிப்புப் போட்டு எழுதிவிடுகிறேன். பைத்தியம் முத்திவிட்டது என்கிறாள். கட்டிக்கொண்டவள், சொல்ல உரிமை உண்டு.

காலையில் ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஏப்ரல் 18 விவகாரம் முடிந்துவிட்டது, உங்கள் மேல் தப்பில்லை என்றார் மேலாளர். பெட்டியின் அடிமூலைகளில் மாட்டியிருக்கும் பூட்டுகளைக் கழற்றுகிற லிகோரி, பெட்டி ஆடி நிற்பதற்குள் ஆள் பத்திரமாக நிற்கத் தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கட்டத்தை விட்டு வெளியே வந்ததால்தான் கால் மாட்டிக்கொண்டது என்று அறிக்கை எழுதியாகிவிட்டதாம். அவன் விழுந்து கிடந்தது கட்டத்துக்கு வெளியேதான். நான் கொடுத்த வாக்குமூலமும் இரண்டே வரி. இடது பக்கம் பார்த்தேன், ஆள் இல்லை. இறக்கினேன்.

அடுத்து ஒரு குண்டைப் போட்டார். இனிமேல் யாரும் கிரேன் மேலே ஏறப் போவதில்லையாம். ஆபீஸ் கட்டடத்தில் ஏசி அறை, அறையில் திரைகள், திரைக்கு முன்னால் சின்னதாக ஒரு ஜாய்ஸ்டிக். அங்கேயிருந்தே ஓட்ட வேண்டும். இருபத்திரண்டு பேரில் எட்டுப் பேருக்குத்தான் அந்த அறையில் இடம். ஜூலை 20 பரீட்சை. தேறாதவர்கள் கேட்டில் நின்று லாரி நம்பர் குறிக்க வேண்டியதுதான்.

நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட கூண்டில், இரண்டு காலுக்கும் நடுவே குனிந்து பார்த்தே ஓட்டிப் பழகியவன் நான். பெட்டி கனமா லேசா என்பதை என் சீட்டு சொல்லும். திரை என்னத்தைச் சொல்லும்?

மருந்து இரண்டு வேளை.

மே 31, புதன்
காற்று 20. பெட்டி 0.

லிகோரியைப் பார்க்கப் போய் வந்தோம். ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு தடவை எட்டிப் பார்த்ததோடு சரி. ஊரில் நாலு பேர் கேட்கிறார்கள், எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது என்று செல்வக்கனி ஒரு வாரமாக நச்சரித்தாள். ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், பிஸ்கட் எல்லாம் அவளே வாங்கி வைத்துவிட்டாள்.

லிகோரிக்கு முப்பத்தாறு வயது. வலது காலில் இரண்டு இடத்தில் கம்பி. கட்டிலில் சாய்ந்தபடி பெரிய திரையில் ஏதோ ராக்கெட் ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஜெசிந்தா பள்ளிக்கூட டீச்சர். காப்பி கொடுத்தாள், முகம் கொடுக்கவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது.

அவன்தான் என்னைக் கொன்றுவிட்டான். மண்டையிலும் அடிபட்டதால் அன்றைக்கு நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லையாம். "நாந்தான் எங்கயோ பராக்குப் பாத்துட்டு நின்னுருப்பேன் அண்ணாச்சி. என்னால உங்களுக்கும் பேரு கெட்டுப்போச்சு. மன்னிச்சுக்கிடுங்க" என்றான். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். உரித்துக்கொண்டே இருந்தேன்.

பேச்சை மாற்றப் பரீட்சை விஷயத்தைச் சொன்னேன். ஜாய்ஸ்டிக்தானே, இதோ இருக்கிறது என்று கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினான். கப்பலில் வேலை பார்க்கும் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததாம். தினமும் வாருங்கள், ஒரு மாதத்தில் கை பழகிவிடும் என்றான். எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூன் 2, வெள்ளி
காற்று 22. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று ஆரம்பித்துவிட்டது. பெட்டி 0. நொறுக்கிய கப்பல் 6.

விளையாட்டில் நாம் ஒரு சரக்குக் கப்பல். கடலில் இல்லை, வானத்தில். ஒரு நிலையத்தில் பெட்டி ஏற்றி இன்னொரு நிலையத்தின் வாசலுக்குள் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வேலைக்குப் போக முடியாதவன் விளையாட்டிலும் பெட்டிதான் தூக்குகிறான். கேட்டேன், சிரித்தான்.

வலது கையில் ஜாய்ஸ்டிக். முன்னால் தள்ளினால் மூக்கு இறங்கும், இழுத்தால் ஏறும், பக்கவாட்டில் சாய்த்தால் கப்பல் உருளும், குச்சியைத் திருகினால் திரும்பும். இடது கையில் வேகத்துக்கு ஒரு லீவர். இதெல்லாம் அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிட்டது. கை இருபத்து மூன்று வருஷக் கை.

ஆனால் கிரேன்காரனுக்கு முதல் நாள் சொல்லித்தருவது ஒன்றுதான்: சந்தேகம் வந்தால் கையை விடு. விட்டால் கிரேன் நின்றுவிடும். அது எலும்பில் ஊறிப்போனது. வாசல் நெருங்கும்போது பயம் வந்தது, கையை விட்டேன். கப்பல் பாட்டுக்குப் போய்ச் சுவரில் மோதி வெடித்தது. ஆறு தடவையும் அதேதான். லிகோரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அங்க காத்தும் கெடையாது, பிரேக்கும் கெடையாது அண்ணாச்சி. எவ்வளவு தள்ளுனியளோ அவ்வளவு எதிர்ப் பக்கம் நீங்களே தள்ளணும். கைய விட்டா அது பாட்டுக்குப் போய்க்கிட்டேதான் இருக்கும்."

விளங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 5, திங்கள்
காற்று 19. நொறுக்கியது 4. கையை விட்டது 4.

ஜூன் 8, வியாழன்
காற்று 24. நொறுக்கியது 2. பெட்டி 1!

ஆச்சரியக்குறி போட்டிருக்கிறேன், இருந்துவிட்டுப் போகட்டும்.

வாசலுக்கு நேரே கப்பல் வலமும் இடமுமாக அலைந்தது. பெட்டி ஊசலாடினால் கிரேனை அது போகிற பக்கமே கூடவே ஓட்டி, அதன் தலைக்கு மேலே போய் நிறுத்துவோம். ஆட்டம் அடங்கிவிடும். யோசிக்காமலே கை அதைச் செய்தது. கப்பல் பூப்போல உள்ளே போய் உட்கார்ந்தது. லிகோரி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். எட்டு மாதமாக விளையாடுகிறேன், இப்படி ஒருவன் நிறுத்திப் பார்த்ததில்லை என்றான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. உடனே அவன் காலைப் பார்த்துவிட்டேன். சந்தோஷம் போய்விட்டது.

வீட்டில், ஃப்ரிட்ஜ் கதவில் கறிவேப்பிலைக் கவருக்குப் பின்னால் இருக்கிற சின்ன பாட்டில் என்ன என்று செல்வக்கனி கேட்டாள். துறைமுகத் தூசிக்குக் கண்ணில் விடுவது என்றேன். ஓகோ என்று கறிவேப்பிலையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 14, புதன்
காற்று 26. இவ்வளவு இருந்தால் கிரேனில் எச்சரிக்கை மணி அடிக்கும். பெட்டி 3.

இன்று ஜெசிந்தாவுக்குத் தலைவலி, லீவு போட்டு வீட்டில் இருந்தாள். அடுக்களையிலிருந்தே பேசினாள். லிகோரியின் கேட் பாஸை ரத்து செய்துவிட்டார்களாம். பாதுகாப்பு விதியை மீறியவனை மறுபடி உள்ளே விட மாட்டார்கள், கால் சரியானாலும் துறைமுகத்தில் எந்த வேலைக்கும் எடுக்க மாட்டார்கள் என்று காண்டிராக்டர் சொல்லி அனுப்பிவிட்டாராம். "பதினோரு வருஷம் மஞ்சக் கட்டத்த விட்டு ஒரு அடி முன்ன வச்சதில்லன்னு இவுங்ககூட வேல செஞ்ச அத்தன பேரும் சொல்லுதாங்க. அன்னைக்கு மட்டும் ஏன் வந்தாங்கன்னு எனக்கு வெளங்கவே இல்ல" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பருப்பைக் கடைந்துகொண்டே சொன்னாள்.

விடு ஜெசி என்றான் லிகோரி. அண்ணாச்சிக்கு அந்த அறையில் வேலை கிடைக்கட்டும், பிறகு எனக்காக ஒரு வார்த்தை சொல்லுவார், சேர்த்துக்கொள்வார்கள் என்றான். ஆமாம் என்று தலையாட்டினேன். தலையாட்டுவதற்கு என்ன, வலிக்கவா செய்கிறது?

ஜூன் 15, வியாழன்
போகவில்லை. கேஸ் வந்தது, பிளம்பர் வரவில்லை.

ஜூன் 16, வெள்ளி
போகவில்லை. செல்வக்கனி ஏன் என்று கேட்கவில்லை. அதுவே என்னவோ போலிருந்தது.

ஜூன் 19, திங்கள்
காற்று 21. பெட்டி 4. நொறுக்கியது 2.

லிகோரி போன் போட்டுக் கூப்பிட்டுவிட்டான். பகல் முழுவதும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன், நீங்கள் வந்தால்தான் பொழுது போகிறது என்றான். இதற்கு மேல் என்ன சாக்குச் சொல்வது.

இப்போதெல்லாம் கையை விடுவதில்லை. எதிர்ப் பக்கம் தள்ளக் கை பழகிவிட்டது. ஆனாலும் நொறுங்குகிறது. எங்கிருந்தோ ஒரு பாறையோ வேறொரு கப்பலோ வந்து இடித்துவிடுகிறது. விளையாட்டில் ஏதோ கோளாறு என்றேன். இருக்கலாம் என்றான் லிகோரி.

ஜூன் 27, செவ்வாய்
காற்று 23. பெட்டி 5. நொறுக்கியது 3. மருந்து தீர்ந்துவிட்டது. திருநெல்வேலிக்குப் போக வேண்டும். இங்கே உள்ள கடையில் வாங்கினால் தெரிந்தவன் எவனாவது பார்ப்பான்.

ஜூன் 29, வியாழன்
திருநெல்வேலி போய் வந்தேன். செல்வக்கனியிடம் பேங்க் வேலை என்றேன். டாக்டர் மறுபடியும் அந்த டப்பாவுக்குள் தலையை விடச் சொல்லி, புள்ளி தெரிந்தால் பொத்தானை அமுக்குங்கள் என்றார். அமுக்கினேன். வெளியே வந்த தாளைப் பார்த்துவிட்டு என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். பலசரக்குக் கடை என்றேன்.

ஜூலை 3, திங்கள்
காற்று 20. பெட்டி 6. நொறுக்கியது 2.

நான் வீட்டுக்குப் போன பிறகு, நான் ஓட்டியதையெல்லாம் லிகோரி திரும்பப் போட்டுப் பார்க்கிறானாம். விளையாட்டே பதிவுசெய்து வைத்துக்கொள்ளுமாம். எதற்கு என்றேன். சும்மாதான், நேரம் போக வேண்டாமா என்றான். இன்று அவன் சிரிப்பு குறைவாக இருந்தது. கால் வலியாக இருக்கும்.

ஜூலை 6, வியாழன்
காற்று பார்க்கவில்லை.

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். படுத்தவன் எழுந்து வந்து எழுதுகிறேன்.

ஜெசிந்தாவின் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு லிகோரி இன்று தனியாக இன்னொரு கப்பல் ஓட்டினான். இரண்டு பேரும் ஒரே வானத்தில். நீங்கள் பாட்டுக்கு நேராகப் போங்கள் அண்ணாச்சி, நான் எங்கேயாவது சுற்றிக்கொண்டு வருகிறேன் என்றான். போனேன். பாதை காலியாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும், சுற்றி யாராவது இருக்கிறார்களா பாருங்கள் என்றான். பார்த்தேன். வலது பக்கம் பார்த்தேன், இடது பக்கம் பார்த்தேன்.

"ஆள் இல்லை" என்றேன்.

சொன்ன பிறகுதான் அதே வார்த்தை என்று உறைத்தது.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"இல்லப்பா. யாரும் இல்ல."

"தலையத் திருப்பிப் பாருங்க அண்ணாச்சி. கண்ண மட்டும் இல்ல, கழுத்தத் திருப்புங்க."

திருப்பினேன். திரையின் இடது ஓரத்தில், என் கப்பலை ஒட்டி, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அவனுடைய கப்பல். பெரிய மஞ்சள் கப்பல். நான் கிளம்பிய நிமிஷத்திலிருந்து அங்கேயேதான் வந்துகொண்டிருந்தானாம்.

பார்வையின் ஓரம் கறுப்பாக இருந்தால் மனுஷன் உஷாராகிவிடுவான். இது கறுப்பாக இருக்காது. வெறும் வானம் போல, வெறும் தரை போல, ஒன்றும் குறையாத மாதிரியே இருக்கும். எழுத்துப் பலகையைக் காட்டினால் கடைசி வரி வரைக்கும் படிப்பேன். நேரே இருப்பது அத்தனையும் பளிச்சென்று தெரியும்.

லிகோரி லேப்டாப்பை மூடி வைத்தான். கையை விட்டு மோதியதைக் கழித்துவிட்டால், நொறுங்கிய இருபத்தாறில் இருபத்து மூன்று இடது பக்கத்திலிருந்து வந்தவை, எழுதி வைத்திருக்கிறேன் என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்ப நான் கட்டத்துக்குள்ளதான் நின்னுருக்கேன்" என்றான். "பெட்டிதான் ஆடி உள்ள வந்து என்னைய வெளிய தள்ளிருக்கு. ஓரம் தெரியாததுனால எவ்வளவு ஆடுதுன்னு உங்களுக்குத் தெரியல."

நான் ஜாய்ஸ்டிக்கைக் கட்டிலில் வைத்தேன்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "உங்களுக்கே தெரியாம இருந்துருக்கு, பாவம். நீங்க என்ன செய்விய? டாக்டர்ட்ட காட்டுங்க, சரியாக்கிருவாங்க."

ஆமாம், காட்டணும் என்றேன். இந்த இரண்டு வார்த்தையை நான் சொன்னேன். என் வாய்தான் சொன்னது.

ஜூலை 7, வெள்ளி
மருந்து இரண்டு வேளை.

ஜூலை 10, திங்கள்
காற்று 22. பெட்டி 6. நொறுக்கியது 1.

இனிமேல் நான் வர மாட்டேன் என்றுதான் லிகோரி நினைத்திருப்பான். நான் போனேன். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்பதற்காகப் போனேனா, அவன் முகத்தைப் பார்க்கப் போனேனா, எனக்கே தெரியவில்லை.

அறிக்கையைப் பற்றி லிகோரி ஒன்றும் கேட்கவில்லை. முதலில் பரீட்சை முடியட்டும், இப்போது போய் இதைச் சொன்னால் உங்களைக் கேட்டில் நிறுத்திவிடுவார்கள், எனக்காகச் சொல்ல ஒரு ஆள் உள்ளே இல்லாமல் போய்விடும் என்றான். அவன் கணக்கு அது. யாரிடமும் சொல்ல மாட்டானாம். ஜெசிந்தாவிடம்கூடச் சொல்லவில்லை. எனக்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறான்: மூச்சு விடுகிற மாதிரி, மூன்று எண்ணுவதற்குள் ஒரு தடவை கழுத்தை இடது பக்கம் திருப்பி எடுக்க வேண்டும். நான் மறக்கும்போதெல்லாம் கட்டிலிலிருந்து ஒரே சொல் வரும். "எடது."

ஜூலை 12, புதன்
எடது. எடது. எடது. சாப்பிடும்போதுகூடக் கழுத்து திரும்புகிறது. ரசத்தை வலது பக்கம்தான் வைத்திருக்கிறேன், எதைத் தேடுகிறீர்கள் என்றாள் செல்வக்கனி.

ஜூலை 17, திங்கள்
காற்று 25. பெட்டி 11. நொறுக்கியது 0.

லிகோரி கைதட்டினான். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு முதல் தடவையாகக் கட்டிலிலிருந்து இறங்கி வாசல் வரை என்னோடு நடந்து வந்தான். நெற்றியெல்லாம் வியர்வை. நான் தெருமுனை திரும்பும் வரை நின்றுகொண்டிருந்தான்.

ஏப்ரல் 18-ஆம் தேதிப் பக்கத்தைப் புரட்டினேன். காற்று 11, பெட்டி 64 என்று இருக்கிறது. குறிப்பு எழுதும் வரி காலி. இருபத்து மூன்று வருஷத்தில், கிரேன் ஏறிய நாளில் நான் குறிப்பு எழுதாமல் விட்டது அந்த ஒரு நாள்தான்.

ஜூலை 20, வியாழன்
பரீட்சை முடிந்தது. மூன்று திரை, ஒரு ஜாய்ஸ்டிக், முப்பது பெட்டி. இடது பக்கத்தில் இரண்டு தடவை ஆள் குறுக்கே வருகிற மாதிரி வைத்திருந்தார்கள். இரண்டு தடவையும் நிறுத்தினேன். காதுக்குள் அவன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஜூலை 22, சனி
முதல் இடம். பெட்டி ஆட்டத்தை அடக்கியதில் நூற்றுக்கு நூறாம். பயிற்சி அதிகாரி எழுந்து நின்று கை கொடுத்தார். லிகோரிக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் அவன் போட்ட சத்தத்தில் ஜெசிந்தா பதறி ஓடிவந்திருக்கிறாள்.

ஜூலை 24, திங்கள்
காற்று 20.

வேலையில் சேர ஒரு தாள் கொடுத்தார்கள். 'எனக்குக் கண் நோய் எதுவும் இல்லை, அதற்குச் சிகிச்சை எதுவும் பெறவில்லை' என்று அச்சடித்திருக்கிறது. கீழே கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் படித்துப் பார்த்துக் கொண்டுவருகிறேன் என்றேன். இதில் படிக்க என்ன இருக்கிறது என்று சிரித்தார் அதிகாரி.

படிக்க ஒன்றும் இல்லைதான். இந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடுவது முதல் தடவையும் இல்லை. போன ஜனவரியில் போட்டேன், இந்த ஜனவரியிலும் போட்டேன்.

சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். வந்து பார்த்தால் செல்வக்கனி அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"போடப் போறியளா?" என்றாள்.

எதை என்றேன், ஒன்றும் தெரியாதவன் மாதிரி.

அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து, கறிவேப்பிலைக்குப் பின்னால் இருந்த பாட்டிலை எடுத்துத் தாளின் மேல் வைத்தாள். "இது எதுக்குன்னு மருந்துக் கடைல போன வருசமே கேட்டுட்டேன். நீங்களாச் சொல்லுவியன்னு பாத்தேன். ஏப்ரல்லருந்து எனக்கு ஒரு வாய் சோறு எறங்கல. அந்தப் புள்ள ஜெசிந்தா மொகத்த நான் எப்பிடிப் பாப்பேன்?"

அவள் அழுது நான் பார்த்ததில்லை. இன்றும் அழவில்லை. எனக்குச் சோறு போட்டுவிட்டு, தனக்குப் போட்டுக்கொள்ளாமல் எதிரே உட்கார்ந்திருந்தாள். வெட்கமாக இருந்தது. இந்த வயதில் வேலை போனால் நான் என்ன ஆவேன் என்ற பயமும் இருந்தது. இரண்டும் சேர்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

ஜூலை 25, செவ்வாய்
ஏப்ரல் 18-ஆம் தேதியின் குறிப்பை இன்று எழுதினேன். அதை அப்படியே ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, டாக்டர் சீட்டோடு சேர்த்து மேலாளர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். குறிப்பு இது:

'இடது பக்கம் லிகோரி மச்சாது மஞ்சள் கட்டத்துக்குள் நின்றிருந்தார். நான் இறக்கிய பெட்டிதான் ஆடிக் கட்டத்துக்குள் போனது. எனக்கு இடது ஓரம் தெரியாது. ஒன்றரை வருஷமாக அது எனக்குத் தெரிந்திருந்தும் தினமும் கிரேன் ஏறினேன். லிங்கத்துரை.'

மேலாளர் இரண்டு தடவை படித்தார். அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை. வெளியே உட்காருங்கள் என்றார், பிறகு வீட்டுக்குப் போங்கள், கூப்பிடுகிறோம் என்றார்.

ஜூலை 26, புதன்
காற்று 24. மாதா கோயிலில் கொடியேற்றம். தெருவெல்லாம் கூட்டம். ஜெசிந்தா கோயிலுக்குப் போயிருந்தாள். லிகோரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கொடி ஏறும்போது வெடிக்கும் வேட்டுச் சத்தத்துக்காக ஜன்னலைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் ஜாய்ஸ்டிக்கை எடுக்கக் குனிந்தான்.

வேண்டாம் என்றேன். தாளின் நகலைக் கொடுத்தேன். படித்தான். கட்டத்துக்குள் நின்றிருந்தார் என்ற வரி வரும்போது அவன் முகம் எப்படி மலர்ந்தது என்று பார்த்தேன். அடுத்த வரியையும் அவன் படிக்கத்தானே வேண்டும். படித்தான்.

"ஒன்றர வருசமா?"

"ஆமா."

"அன்னைக்கு நான் உங்க கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னேனே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

எத்தனை வசவு இருக்கிறது தமிழில். ஒன்றாவது சொல்லியிருக்கலாம். தாளை மடித்தான். ஜாய்ஸ்டிக்கின் வயரைக் கழற்றி, குச்சியைச் சுற்றி நிதானமாகச் சுருட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளினான். வேட்டுச் சத்தம் கேட்டது. கொடி ஏறிவிட்டது.

"வீட்டுக்குப் போங்க" என்றான்.

ஜூலை 30, ஞாயிறு
இங்கே உள்ள மருந்துக் கடையிலேயே மருந்து வாங்கினேன். துறைமுகத்து ஆள் இரண்டு பேர் நின்றார்கள். பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஆகஸ்ட் 2, புதன்
கூப்பிடவில்லை. ஒட்டடை அடித்தேன். இடது மூலையை விட்டுவிட்டேன் என்று செல்வக்கனி காட்டினாள்.

ஆகஸ்ட் 7, திங்கள்
காற்று 16. கச்சான் தணிகிறது.

மறு விசாரணை. பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். ஒன்பதரைக்கே போய்விட்டேன். ஆபீஸ் வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சு. தெரிந்தவர்கள் குறுக்கே போனார்கள், வந்தார்கள். ஒருவனும் என்ன என்று கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிரேன் போய்விட்டது, அந்த அறையும் போய்விட்டது. கேட்டில் நிறுத்துவார்களா, அதுவும் இல்லையா, தெரியாது. போலீசுக்குப் போகுமா என்பதும் தெரியாது. அவன் கேட் பாஸைத் திருப்பிக் கொடுப்பார்களா என்பதை மட்டும் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தவித்தது.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ. மூன்று எண்ணுவதற்குள் கழுத்தைத் திருப்புகிற பழக்கத்தையும் இந்தப் பத்து நாளில் விட்டுவிட்டேன்.

"எடது" என்று ஒரு குரல் கேட்டது.

திரும்பினேன். அதே பெஞ்சில், என்னை ஒட்டி, லிகோரி உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை, மடியில் ஊன்றுகோல். அவனையும் விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். எப்போது வந்தானோ. என்னைப் பார்க்கவில்லை. கையை நீட்டி, எனக்கு இடது பக்கமாகத் திறந்திருந்த கதவைக் காட்டினான். அங்கே அதிகாரி நின்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ரொம்ப நேரமாகக் கூப்பிட்டிருப்பார் போல.

எழுந்தேன். லிகோரி ஊன்றுகோலைக் கொஞ்சம் இழுத்து எனக்கு வழிவிட்டான். நான் உள்ளே போனேன்.